பழைய கணினிக்கு வேறு நிறுவன ரேமும் துணைக்கருவிகளும்: வாங்கும் முன் பார்ப்பது முதல் பொருத்திச் சோதிப்பது வரை

பழைய கணினிக்குக் கூடுதல் ரேம் போடலாம் என்று நினைத்ததும் எழும் முதல் கேள்வி, கணினியைச் செய்த நிறுவனத்தின் ரேமைத்தான் வாங்க வேண்டுமா என்பது. வேண்டியதில்லை. ரேமில் இருக்கும் நினைவகச் சில்லுகளைச் செய்பவை பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். கணினி நிறுவனத்தின் ஸ்டிக்கர் ஒட்டி அதிக விலைக்கு வரும் ரேமிலும் அநேகமாக இந்தச் சில்லுகளே இருக்கும்.

அதற்காக எதை வேண்டுமானாலும் வாங்கிப் போடலாம் என்றும் இல்லை. ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும் ரேம்கூட வேலை செய்யாமல் போகலாம். யுஎஸ்பி துளையில் நுழையும் கருவிக்கும் இதே கதைதான். எதை ஏற்பது, எதை மறுப்பது என்று முடிவெடுப்பது உள்ளே இருக்கும் கன்ட்ரோலரும் (கருவிகளைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று) பயாஸும் (கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்). ஆகவே பொருளின் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், உங்கள் கணினி என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முக்கால்வாசி வேலை அதுதான்.

படி 1: உள்ளே இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

விண்டோஸ் என்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ப்ராசஸரின் பெயர், மதர்போர்டின் சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லுகள்), இப்போதுள்ள ரேமின் வகை ஆகிய மூன்றும் தெரியும். எஸ்பிடி என்ற பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எந்த நிறுவனத்தின் ரேம் இருக்கிறது, எந்த வேகத்துக்கானது என்பதும் கிடைக்கும். எஸ்பிடி என்பது ரேமிலேயே ஒட்டியிருக்கும் ஒரு குட்டிச் சில்லு. ரேம் தன்னைப் பற்றிய விவரங்களை அதில்தான் வைத்திருக்கிறது. லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை இதே வேலையைச் செய்யும். ஆனால் அது காட்டும் 'அதிகபட்சக் கொள்ளளவு' என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பயாஸ் எழுதியவர் போட்டுவைத்ததுதான் அங்கே வரும், அது தவறாக இருப்பது சாதாரணம்.

அதிகபட்சம் எவ்வளவு ரேம் போடலாம் என்பதற்குக் கணினியின் கையேடு ஒரு பதில் சொல்லும், ப்ராசஸரோ சிப்செட்டோ வேறொன்று சொல்லலாம். கையேட்டில் இருப்பது பெரும்பாலும் அந்த மாடல் வெளிவந்த நாளில் கிடைத்த பெரிய ரேமைப் போட்டுச் சோதித்த அளவு. 2012-ன் நடுவில் வந்த, டிவிடி டிரைவ் உள்ள மேக்புக் ப்ரோவுக்கு ஆப்பிள் சொன்ன உச்சம் 8 ஜிபி; 16 ஜிபி போட்டாலும் அது ஒழுங்காக ஓடும். மறுபக்கம், இன்டெல் 945 சிப்செட் உள்ள கணினியில் 4 ஜிபி போட்டாலும் மூன்றே கால் ஜிபி அளவுக்குத்தான் பயன்படும். ஆட்டம் என்450 ப்ராசஸர் உள்ள குட்டி நெட்புக்குகளுக்கு 2 ஜிபிதான் எல்லை. என்ன செய்தாலும் மேலே போகாது.

ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து நீங்கள் தேட வேண்டிய இடம் மாறும். ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் அதை ப்ராசஸருக்குள் கொண்டுவரத் தொடங்கின. அதற்குப் பிந்தைய கணினி என்றால் ப்ராசஸரின் விவரப் பக்கத்தைப் பாருங்கள், கோர் 2 டுவோ காலத்து இன்டெல் கணினி என்றால் சிப்செட்டின் விவரத்தை.

படி 2: ரேம் லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டிடிஆர், டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ரேம் தலைமுறைகளில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது. மேசைக் கணினிக்கான டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலும் 240 பின்கள்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். அது தவறான ரேம், அவ்வளவுதான். மடிக்கணினிக்கான சிறிய ரேமில் டிடிஆர்2-க்கு 200, டிடிஆர்3-க்கு 204, டிடிஆர்4-க்கு 260 பின்கள்.

லேபிளில் பிசி3-12800 என்று இருந்தால் பயந்துவிட வேண்டாம். 12800-ஐ 8-ஆல் வகுத்தால் 1600, அதாவது டிடிஆர்3-1600. பிசி2-6400 என்றால் டிடிஆர்2-800. பழைய 1333 ரேமோடு புதிய 1600 ரேமைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் 1333-ல் ஓடும். அதனால் வேகமான ரேமுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயனில்லை. அதுவே மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

அடுத்தது மின்னழுத்தம். டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல்-க்கு 1.35 வோல்ட். எல் வகை பொதுவாக இரண்டு அழுத்தத்திலும் ஓடும். சாதாரண டிடிஆர்3 அப்படி அல்ல. இன்டெல் நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் 1.35 வோல்ட் மட்டுமே தருபவை, 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் திரையே வராது. மடிக்கணினிக்கு டிடிஆர்3 வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எல் வகையையே வாங்கிவிடலாம்.

படி 3: சில்லுகளை எண்ணுங்கள்

வகை சரி, வேகம் சரி, மின்னழுத்தம் சரி, ஆனாலும் கணினி பீப் அடித்துவிட்டுக் கறுப்புத் திரையோடு நிற்கிறது. 'இந்த நிறுவன ரேம் இந்தக் கணினிக்கு ஆகாது' என்று ரேமைத் திருப்பிக் கொடுப்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். நிறுவனத்தின் மேல் பழி விழுகிறது. உண்மைக் காரணம் பெரும்பாலும் ஒரு சில்லின் அடர்த்தி.

கணக்கு எளிது. ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 4 ஜிபி ரேம் என்பது 32 கிகாபிட். அதை 16 சில்லுகளில் பிரித்தால் ஒவ்வொன்றும் 2 கிகாபிட். 8 சில்லுகளில் அடைத்தால் ஒவ்வொன்றும் 4 கிகாபிட். பழைய மெமரி கன்ட்ரோலருக்கு ஒரு குறிப்பிட்ட அடர்த்தி வரைதான் சில்லை அணுகத் தெரியும். இன்டெல் ஜி41 சிப்செட்டும், கோர் (ஐ3, ஐ5, ஐ7) வரிசையின் முதல் தலைமுறையும் 2 கிகாபிட் வரைதான் எடுக்கும். ஆகவே அவற்றுக்கு 16 சில்லு உள்ள 4 ஜிபி ரேம் ஓடும், 8 சில்லு உள்ள 4 ஜிபி ரேம் ஓடாது. இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறைகளின் எல்லை 4 கிகாபிட். அவற்றுக்கு 8 ஜிபி ரேம் என்றால் 16 சில்லுகள் இருக்க வேண்டும். இப்போது புதிதாகச் செய்யப்படும் ரேம்களில் குறைந்த எண்ணிக்கையில் அடர்த்தியான சில்லுகளைப் போடுவது செலவு குறைவு என்பதால், பழைய கணினிக்குப் புதிய ரேம் வாங்கும்போதுதான் இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது. பழைய கணினிக்கு அதே காலத்துப் பழைய ரேமே பாதுகாப்பான தேர்வு என்று நான் சொல்வதும் இதனால்தான்.

லேபிளில் 2ஆர்×8 என்று இருந்தால் அது 16 சில்லு வகை. 1ஆர்×8 என்றால் 8 சில்லு வகை. லேபிள் தெளிவில்லை என்றால் இரு பக்கப் படங்களையும் கேட்டு எண்ணிப் பாருங்கள். படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, சந்தேகப்படும் அளவுக்கு மலிவான 4 ஜிபி டிடிஆர்2 ரேம். விவரத்தில் எங்கோ ஒரு மூலையில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று இருக்கும். இன்டெல் சிப்செட்டில் அது ஓடாது. இரண்டாவது சர்வர்களிலிருந்து கழற்றிய ரேம். லேபிள் எண்ணின் முடிவில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது ரெஜிஸ்டர்டு வகை, சாதாரண மேசைக் கணினிக்கு உதவாது. ஒரு வரிசையில் 8-க்குப் பதில் 9 சில்லுகள் இருந்தாலும் அது பிழைதிருத்தும் ரேம் என்று பொருள். சாதாரணக் கணினிக்கு அது வேண்டாம்.

படி 4: எவ்வளவு போதும்?

முதலில் இயங்குதளம் 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸில் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் 3 முதல் 3.5 ஜிபி வரைதான் பயன்படும். விண்டோஸ் 7-ல் பதிப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது: 64 பிட் ஹோம் பேசிக்கில் 8 ஜிபி, ஹோம் பிரீமியத்தில் 16 ஜிபி.

2-லிருந்து 4-க்கும், 4-லிருந்து 8-க்கும் போனால் வித்தியாசம் உடனே தெரியும். 8-லிருந்து 16-க்குப் போவது பத்து வருடப் பழைய கணினியில் பெரும்பாலும் வீண் செலவு. வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 60 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100-ல் நின்றால் உங்களுக்கு வேண்டியது ரேம் அல்ல, எஸ்எஸ்டி, அதாவது சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக வரும், சில்லுகளால் ஆன சேமிப்பகம். அப்புறம், விண்டோஸ் 11-க்காக ரேம் வாங்குகிறீர்கள் என்றால் சற்று நில்லுங்கள். அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரையும் கேட்கிறது. ரேமை ஏற்றினால் அது மாறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், இப்படிப்பட்ட கணினிக்கு லினக்ஸ் நல்ல வழி.

படி 5: பொருத்துதல்

கோப்புகளுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். கணினியை முழுவதுமாக அணைக்க வேண்டும். ஸ்லீப்பில் விட்டுவிட்டுத் திறக்கக் கூடாது. மின்கம்பியைப் பிடுங்குங்கள், மடிக்கணினி என்றால் பேட்டரியையும் எடுங்கள். பேட்டரி உள்ளே பதிந்த வகை என்றால் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்றுங்கள். அப்புறம் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமை விளிம்பில் மட்டும் பிடித்து எடுங்கள்.

மேசைக் கணினியில் ஸ்லாட்டின் ஓரக் கிளிப்புகளைத் திறந்து, வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரு முனைகளிலும் ஒரே அளவாக அழுத்துங்கள். கிளிப் 'டக்' என்று தானாக மூடும். புதியவர்கள் பயந்து மெதுவாக அழுத்துவதால் ரேம் பாதி உட்கார்ந்து நிற்பது அடிக்கடி நடப்பதுதான். மடிக்கணினியில் ரேமை ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு, பிறகு கீழே அமர்த்த வேண்டும். தங்க நிறப் பட்டை வெளியே நன்றாகத் தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை.

மூடியைத் திருகிப் பூட்டுவதற்கு முன்பே ஒருமுறை கணினியை இயக்கிப் பாருங்கள். முதல் தடவை திரை வர வழக்கத்தைவிட நேரமாகலாம். நினைவக அளவு மாறியிருக்கிறது என்று செய்தி வந்தால் அதில் சொல்லும் விசையை அழுத்திவிட்டுத் தொடரலாம்.

எதுவுமே வரவில்லையா? ஒரே ஒரு ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், அப்புறம் அடுத்த ஸ்லாட்டில். பின்களை ரப்பரால் தேய்ப்பது பலரும் செய்யும் வைத்தியம். வேலையும் செய்யும், ஆனால் துகள்கள் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணி அதைவிட நல்லது. அதற்கும் மசியவில்லை என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டுங்கள். பயாஸ் பழைய ரேமின் அமைப்புகளையே பிடித்துக்கொண்டிருந்தால் அது விட்டுப்போகும். பழைய கணினியில் அந்த பேட்டரியே தீர்ந்திருக்கும் என்பதால் புதியதாகவே போட்டுவிடுங்கள்.

படி 6: சோதனை

விண்டோஸ் திறந்துவிட்டது, 8 ஜிபி காட்டுகிறது என்றால் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். குறையுள்ள ரேம் நாள்கணக்கில் சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுக்கும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, குறைந்தது ஒரு முழுச் சுற்று ஓட விடுங்கள். இரவு முழுக்க ஓடினால் இன்னும் நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் திரும்பிப் போக வேண்டியதுதான். ஆனால் எந்த ரேம் என்று தெரிய ஒவ்வொன்றாகத் தனித்தனியே சோதியுங்கள். குற்றவாளி ஸ்லாட்டாகவும் இருக்கலாம்.

போட்டதைவிடக் குறைவாகக் காட்டினால் பயாஸில் மெமரி ரீமேப் என்ற அமைப்பைத் தேடிப் பாருங்கள். விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியின் பூட் பகுதியில் 'அதிகபட்ச நினைவகம்' என்ற கட்டம் டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். சில நூறு எம்பி குறைவது பிரச்சினையே இல்லை, அது உள்ளமைந்த கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்வது.

எஸ்எஸ்டி பற்றிச் சுருக்கமாக

சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் வழி; சாட்டா எஸ்எஸ்டி எந்தத் தலைமுறை சாட்டா துறையிலும் ஓடும். பழைய சாட்டா 2 துறையில் விநாடிக்கு 300 எம்பி என்பது உச்சம், ஆனாலும் சுழலும் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் கணினி புத்துயிர் பெற்றதுபோல இருக்கும். எனவே அதிவேக மாடலைத் தேடாதீர்கள். பழைய மடிக்கணினிகளில் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7. ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படலாம். பயாஸில் டிஸ்க் இயங்கும் முறை ஐடிஇ என்று இருப்பதை ஏஎச்சிஐ என்று மாற்றுவது நல்லது, ஆனால் விண்டோஸை நிறுவும் முன் மாற்ற வேண்டும். நிறுவிய பிறகு திடீரென மாற்றினால் நீலத் திரைதான் வரும். மேசைக் கணினியின் பிசிஐஇ துளையில் அடாப்டர் வைத்து என்விஎம்இ எனும் வேகமான வகை எஸ்எஸ்டி போடலாம். ஆனால் பழைய பயாஸ் அதிலிருந்து தொடங்காது. கோப்பு வைக்க மட்டும் பயன்படும்.

பெரிய கொள்ளளவு, நம்ப முடியாத மலிவு என்ற பென்டிரைவ்களும் எஸ்எஸ்டிகளும் போலியாக இருப்பது சகஜம். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது லினக்ஸில் எஃப்3 என்ற மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துச் சரிபாருங்கள்.

படி 7: துணைக்கருவிகளில் பிராண்டை விட்டுச் சிப்பைப் பாருங்கள்

ரேமில் சில்லை எண்ணியதுபோல, யுஎஸ்பி கருவிகளில் உள்ளே எந்த நிறுவனச் சிப் என்பதே கேள்வி. ஒரே பெட்டி, ஒரே மாடல் எண், ஆனால் உள்ளே இருக்கும் சிப் மட்டும் மாறியிருப்பது வைஃபை டாங்கிள்களில் சாதாரணம். டிவைஸ் மேனேஜரில் ஹார்ட்வேர் ஐடி என்ற இடத்தில் விஐடி (நிறுவனத்தின் எண்), பிஐடி (பொருளின் எண்) என்று இரண்டு எண்கள் இருக்கும். டிரைவரை அந்த எண்களைக் கொண்டு தேடுங்கள், பெட்டியின் பெயரைக் கொண்டு அல்ல. லினக்ஸ் என்றால் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே டிரைவர் உள்ள சிப்பைத் தேர்ந்தெடுங்கள். மீடியாடெக்கின் எம்டி7612யு ஓர் உதாரணம்.

மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை கார்டையே மாற்ற நினைத்தால் ஒரு தடை இருக்கிறது. சில நிறுவனங்கள் தாங்கள் அனுமதித்த கார்டுகளின் பட்டியலை பயாஸில் வைத்திருந்தன. பட்டியலில் இல்லாத கார்டு இருந்தால் கணினி தொடங்கும்போதே செய்தி காட்டி நின்றுவிடும். அப்படிப்பட்ட மாடலுக்கு யுஎஸ்பி டாங்கிள்தான் தலைவலி இல்லாத வழி.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். யுஎஸ்பி 2.0 துறை தருவது 500 மில்லியாம்பியர், 3.0 தருவது 900. 3.0-க்காகச் செய்த வெளி டிஸ்க்கைப் பழைய துறையில் செருகினால் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து காணாமல் போகலாம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாமல், தனி மின்சாரம் உள்ள ஹப் வழியாக இணைத்துப் பாருங்கள். மேசைக் கணினிக்கு யுஎஸ்பி 3.0 கார்டு வாங்கும்போதும் பவர் சப்ளையிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் இணைப்பு உள்ளதாகப் பாருங்கள். விண்டோஸ் 7-ல் 3.0-க்கான டிரைவர் உள்ளேயே கிடையாது, கார்டோடு வருவதை நிறுவ வேண்டும்.

அந்தக் கார்டைப் போட்ட பிறகு கம்பியில்லா மவுஸ் தடுமாறத் தொடங்கினால் மவுஸைக் குறை சொல்லாதீர்கள். யுஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பாதிக்கும் என்று இன்டெலே 2012-ல் ஓர் ஆவணத்தில் விளக்கியிருக்கிறது. மவுஸின் ரிசீவரை ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

பழைய கணினிகளில் விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் இருந்த வட்ட வடிவ பிஎஸ்/2 துறைக்கு யுஎஸ்பி விசைப்பலகையை இணைக்கும் மலிவான மாற்றியில் மின்சுற்று எதுவும் இல்லை, வெறும் கம்பி மாற்றம்தான். விசைப்பலகையே இரண்டு மொழியும் பேசினால்தான் அது வேலை செய்யும். பிஎஸ்/2 கருவிகளைக் கணினி ஓடும்போது செருகவோ பிடுங்கவோ கூடாது. பயாஸுக்குள் மட்டும் யுஎஸ்பி விசைப்பலகை உயிரில்லாமல் இருந்தால் லெகசி யுஎஸ்பி சப்போர்ட் என்பதை இயக்க வேண்டும்.

யுஎஸ்பியைப் பழைய சீரியல் துறையாக்கும் மாற்றிகளில் போலிச் சிப்புகள் அதிகம். 2014 அக்டோபரில், இந்தச் சிப்புகளைச் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலிச் சிப்புகளின் பிஐடி எண்ணைப் பூஜ்யமாக்கி அவற்றை முடக்கிவிட்டது. வாங்கியவர்களில் பலருக்குத் தங்களிடம் இருப்பது போலி என்பதே அன்றுதான் தெரிந்தது. பழைய கருவியோடு பேச வேண்டிய முக்கியமான வேலை என்றால் இதில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள்.

திரைக்கான மாற்றிகளில் ஒரு விதி போதும். டிவிஐ-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு வெறும் கம்பி போதும், இரண்டும் டிஜிட்டல். விஜிஏ ஒரு பக்கம் இருந்தால், பெரும்பாலும் உள்ளே மின்சுற்று உள்ள மாற்றி வேண்டும். அதிலும் எந்தத் திசைக்கானது என்று பார்த்து வாங்க வேண்டும். எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றுவது எதிர்த்திசையில் ஓடாது. எச்டிஎம்ஐ 1.4 வரை உள்ள கணினியில் 4கே திரையை இணைத்தால் விநாடிக்கு 30 காட்சிகள்தான் கிடைக்கும், மவுஸ் நகர்வதே கண்ணை உறுத்தும்.

வேறு நிறுவன சார்ஜரில் வோல்ட் அச்சாக அதேயாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. சில மடிக்கணினிகள் சார்ஜரின் நடுப்பின் வழியாக அடையாளம் கேட்கும். அது கிடைக்காவிட்டால் கணினி ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. உப்பிய பேட்டரியை அழுத்தியோ குத்தியோ சரிசெய்ய முயலாமல் உடனே கழற்றி, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ரேம் போட்டுச் சில நாள் ஓட்டிவிட்டு எஸ்எஸ்டி, அப்புறம் மற்றவை என்று போனால், ஏதாவது தகராறு வரும்போது யார் மேல் சந்தேகப்படுவது என்று தெரியும். கழற்றிய பழைய ரேமை உடனே விற்றுவிட வேண்டாம். புதியது திடீரென மக்கர் செய்யும்போது கணினியா ரேமா என்று பிரித்துச் சொல்ல அது ஒன்றுதான் கையில் இருக்கும்.